தலைநகருக்கு விண்ணப்பித்த நகரமும் ஒரு மீன் சந்தைப் படமும்

எங்கள் வீட்டு முன்னறைச் சுவரில் ஒரு பழைய படம் மாட்டியிருக்கிறது. ஒரு கரை, படகுகள், மீன் வாங்கவும் விற்கவும் வந்த சனங்கள், பின்னால் சில கட்டிடங்கள். வீட்டுக்கு வருகிறவர்கள் சாமிப்படத்தைப் பார்க்கிறார்களோ இல்லையோ, இதைப் பார்த்துவிட்டு "இது எந்த ஊர்ச் சந்தை?" என்று கேட்காமல் விடுவதில்லை. குருநகர்க்காரர் ஒருவர் "தம்பி, இது பழைய பாசையூரோ?" என்றே கேட்டார். "இல்லை அண்ணை, இது ரொறன்ரோ" என்றேன். அவர் நம்பவில்லை. எழும்பிக் கிட்டப் போய்ப் பார்த்தார். பிறகும் நம்பவில்லை.

2003ம் ஆண்டு வாங்கியது. அப்போது சென்ட் லோறன்ஸ் சந்தையின் வடக்குக் கட்டிடத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் பழம்பொருள் விற்பார்கள். (அந்தக் கட்டிடம் பிறகு இடிக்கப்பட்டுவிட்டது.) நான் அதற்குக் கிட்ட ஓர் உணவகத்தில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தேன். பின்னேர வேலை. குளிரில் வெளியே நிற்க முடியாமல் வேலை தொடங்கும்வரை உள்ளே சுற்றுவேன். ஒரு வெள்ளைக்காரக் கிழவர் பெட்டி நிறையப் படங்களை வைத்திருந்தார். இந்தப் படத்தைக் கையில் எடுத்ததும் அவர் சொன்னார்: "நீ இப்போது நிற்கிற இடம்தான் இது."

அதைக் கேட்டதும் உண்மையில் எனக்கு ஒரு மாதிரியாகிவிட்டது. விலை நாற்பத்தைந்து டொலர். அன்றைக்கு அது எனக்கு ஒரு நாள் சம்பளம். அறையில் கூட இருந்த பெடியளுக்கு விலையைச் சொல்லவில்லை.

வரைந்தவர் வில்லியம் ஹென்றி பார்ட்லெற் என்ற ஆங்கிலேயர். 1838ல் கனடாவுக்கு வந்து ஊர் ஊராகத் திரிந்து வரைந்தார். அவற்றை உருக்குத் தகட்டில் செதுக்கி அச்சடித்து, "கனேடியன் சீனறி" என்ற பெயரில் லண்டனில் ஜோர்ஜ் வேர்ச்சு என்ற பதிப்பாளர் 1840 தொடக்கம் 1842 வரை பகுதி பகுதியாக வெளியிட்டார். கூடவே வரும் எழுத்து அமெரிக்கரான என். பி. வில்லிஸ் என்பவருடையது. நூற்றுக்கு மேற்பட்ட படங்கள். செப்புத் தகடு சீக்கிரம் தேய்ந்துவிடும். உருக்கில் ஆயிரக்கணக்கில் அடிக்கலாம். அதனால்தான் இவை இன்றைக்கும் எங்களைப் போன்றவர்களுக்கு வாங்கக்கூடிய விலையில் கிடைக்கின்றன. பிற்காலத்தில் வியாபாரிகள் புத்தகத்தைப் பிரித்து, ஒவ்வொரு தாளையும் தனியே விற்றார்கள். பலவற்றுக்கு வர்ணமும் பிறகுதான் பூசப்பட்டது. கண்ணாடி வைத்துப் பார்த்தால் உண்மையான அச்சில் மெல்லிய கோடுகள் தெரியும். புள்ளி புள்ளியாகத் தெரிந்தால் அது பிற்காலத்துப் பிரதி. கிழவர் எனக்குச் சொல்லித் தந்த முதல் பாடம் இதுதான்.

படத்தில் கரை இருக்கிறது என்றேன். சந்தையடியில் இன்று கரை ஏது என்று கேட்பீர்கள். அந்தக் காலத்தில் ஃபுரொன்ட் வீதிக்குக் கீழே ஒன்ராறியோ ஏரி. அது நகரத்தின் முன்பக்கம் என்பதால்தான் வீதிக்கே அந்தப் பெயர். பிறகு ரயில் பாதைக்காகவும் துறைமுகத்துக்காகவும் மண்ணைக் கொட்டி ஏரியை நிரப்பிக்கொண்டே போனார்கள். இன்றைக்கு அங்கிருந்து ஏரியைப் பார்க்க வேண்டுமானால் ரயில் பாதையையும் கார்டினர் நெடுஞ்சாலையையும் கடந்து நடக்க வேண்டும்.

இப்படித் தொடங்கியதுதான். இருபது வருடத்துக்கு மேலாகிவிட்டது. பெரிய சேகரிப்பு ஒன்றுமில்லை. இரண்டு சப்பாத்துப் பெட்டியும் ஒரு கோப்பும். பெரும்பாலும் மலிவான அச்சுப் படங்கள், 1869 முதல் 1883 வரை மொன்றியலில் வெளிவந்த "கனேடியன் இலஸ்ரேற்றட் நியூஸ்" வாரப் பத்திரிகையின் தாள்கள், இரட்டைப் படம் ஒட்டிய சில அட்டைகள். வீட்டுக்காரி இதற்கு வைத்த பெயர் "வெள்ளைக்காரன்ரை குப்பை".

ரொறன்ரோவின் மிகப் பழைய புகைப்படங்களின் கதையைச் சொன்னால், நான் ஏன் இந்தக் குப்பையைச் சேர்க்கிறேன் என்று விளங்கும்.

1850களில் கனடாவுக்கு நிலையான தலைநகரம் இருக்கவில்லை. அரசாங்கம் கொஞ்சக் காலம் ரொறன்ரோவிலும் கொஞ்சக் காலம் குவிபெக்கிலும் என்று மூட்டைமுடிச்சுகளோடு திரிந்தது. கடைசியில் விக்ரோறியா மகாராணியே முடிவு சொல்லட்டும் என்று விட்டார்கள். 1857ல் ரொறன்ரோ, மொன்றியல், குவிபெக், கிங்ஸ்ரன், ஒட்டாவா போன்ற நகரங்கள் தங்கள் பக்க நியாயத்தை எழுதி லண்டனுக்கு அனுப்பவேண்டியிருந்தது. ரொறன்ரோ தன் விண்ணப்பத்தோடு 25 புகைப்படங்களையும் சேர்த்து அனுப்பியது.

படம் எடுத்தவர்கள் ஆம்ஸ்ரோங், பியர், ஹைம் என்ற மூவர். உண்மையில் அவர்கள் பொறியியல் வேலையும் வரைபட வேலையும் செய்துகொண்டு புகைப்படமும் எடுத்தவர்கள். கிங் வீதியும் யோர்க் வீதியும் சந்திக்கிற மூலையில் அப்போது கட்டப்பட்டுக்கொண்டிருந்த றொசின் ஹவுஸ் ஹோட்டலின் கூரையில் கமராவை வைத்து, சுற்றிச் சுற்றி 13 படங்கள் எடுத்தார்கள். ஒன்றுக்குப் பக்கத்தில் ஒன்றை வைத்தால் முழு நகரமும் வட்டமாகத் தெரியும். மிச்சம் 12ம் நகரத்தின் நல்ல கட்டிடங்கள். எங்கள் ஊர் காடில்லை, எங்களிடமும் கல்லுக் கட்டிடம் இருக்கிறது என்று காட்டுவதற்காக எடுத்த படங்கள்.

பலிக்கவில்லை. 1857 முடிவில் தெரிவானது ஒட்டாவா. விண்ணப்பம் கோப்புக்குள் போனது, கோப்பு அலுமாரிக்குள் போனது. ரொறன்ரோ அந்தப் படங்களை மறந்தே போனது. 1979ல், கனடாவின் ஆவணக்காப்பகத்தைச் சேர்ந்த ஓர் ஆய்வாளர் லண்டனில் பிரித்தானிய வெளிநாட்டு அலுவலகத்தின் நூலகத்தில் அவற்றைக் கண்டுபிடித்தார். 122 வருடங்கள்! இந்த நகரத்தைக் காட்டும் புகைப்படங்களில் அறியப்பட்ட மிகப் பழையவை அவைதான். பிறகு பிரதிகள் ரொறன்ரோவுக்கு வந்தன. ஸ்படைனா றோட்டில் உள்ள நகர ஆவணக்காப்பகத்தின் இணையத்தளத்தில் யாரும் பார்க்கலாம். அந்த ஹோட்டல் 1862ல் எரிந்து, திரும்பக் கட்டப்பட்டு, கடைசியில் 1969ல் இடிக்கப்பட்டது. இன்று அந்த மூலையில் நிற்பது ரொறன்ரோ டொமினியன் சென்ரரின் கறுப்புக் கோபுரம்.

இந்தக் கதையை முதலில் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது, பிறகு வரவில்லை. படம் இணைத்து விண்ணப்பம் எழுதி, யாரோ ஒருவருடைய முடிவுக்காகக் காத்திருப்பது எங்களுக்குப் புதிதா என்ன? என் அகதி விண்ணப்பத்திலும் இரண்டு படங்கள் இருந்தன. ஒன்று, செல் விழுந்து கூரையில்லாமல் நின்ற எங்கள் வீடு. மற்றது, அப்பா தன் கடை வாசலில் நிற்கிற படம். 1995 ஒக்டோபர் 30 இரவு யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிட்டபோது ஆல்பம் சுவர் அலுமாரிக்குள் கிடந்தது. அரிசியும் உடுப்பும் எடுத்தோம், ஆல்பத்தை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை. திரும்பிப் போனபோது அலுமாரியே இல்லை. அப்பாவின் அந்த ஒரு படம் தப்பியது, அது மாமி வீட்டில் இருந்ததால். அதைத்தான் நான் பிரதி எடுக்காமல் இங்கே விண்ணப்பத்தோடு கொடுத்தேன். பிறகு வீடு மாறி, வேலை மாறி, திருப்பிக் கேட்காமல் விட்டுவிட்டேன். பிழை என்னுடையதுதான். அப்பா 2002ல் இறந்தபோது அந்தியேட்டி அட்டைக்குப் போட அடையாள அட்டைப் படம்தான் கிடைத்தது.

122 வருடத்துக்குப் பிறகு ரொறன்ரோவின் படம் ஒரு கோப்புக்குள்ளிருந்து வந்ததென்றால், அப்பாவும் எங்கேயோ ஒரு பெட்டிக்குள் கடை வாசலில் நின்றுகொண்டிருக்கலாம். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

குசினிக்காரனுக்குப் பிடித்த ஒரு விடயத்தையும் சொல்லவேண்டும். 1850ல் பிரான்சில் பிளாங்காட் எவ்றார் என்பவர் அறிமுகப்படுத்திய முறையில், புகைப்படத் தாளுக்குப் பூசுவது முட்டை வெள்ளைக்கரு. உப்புச் சேர்த்து அடித்து, தெளியவிட்டு, அதன்மேல் தாளை மிதக்கவிட்டுக் காயவைத்து, பிறகு வெள்ளி நைத்திரேற்றில் தோய்ப்பார்கள். ஜேர்மனியில் டிறெஸ்டன் நகரத்தில் இருந்த பெரிய தொழிற்சாலையொன்றில் ஒரு நாளைக்கு 60,000 முட்டை உடைத்தார்களாம். உடைத்தவர்கள் பெண்கள். மஞ்சள்கரு தோல் பதனிடுகிற இடங்களுக்குப் போனது. நான் ஒரு காலைச் சாப்பாட்டுக் கடையில் ஒரு சனிக்கிழமை ஐந்நூறு முட்டை உடைத்துவிட்டு இரவு கை விறைத்துக் கிடந்தவன். அந்தப் பெண்களின் பெயர் எந்தப் படத்துக்குப் பின்னாலும் எழுதப்பட்டிருக்காது. பழைய படங்கள் மஞ்சளித்துப்போவதற்கும் அந்த முட்டைதான் முக்கிய காரணம்.

அந்தத் தாளில் பேர் எடுத்தவர் மொன்றியல் வில்லியம் நொட்மன். ஸ்கொட்லாந்தில் குடும்ப வியாபாரம் முறிந்து, வழக்குக்குப் பயந்து 1856ல் இங்கே ஓடிவந்தவர். வந்து சில வருடத்துக்குள் சென் லோறன்ஸ் நதிமேல் விக்ரோறியா பாலம் கட்டப்படுவதைப் படமெடுக்கும் வேலை கிடைத்தது. 1860ல் வேல்ஸ் இளவரசர் பாலத்தைத் திறக்க வந்தபோது, நொட்மன் எடுத்த படங்கள் ஒரு பெட்டியில் வைத்து மகாராணிக்குப் பரிசாகப் போயின. ஓடிவந்தவர் "மகாராணியின் புகைப்படக்காரர்" ஆனார்.

நொட்மனின் பனிப் படங்கள்தான் எனக்குப் பிடித்தவை. கம்பளி உடுப்போடு, பனிச்சப்பாத்தோடு, கொட்டுகிற பனிக்குள் ஆட்கள் நிற்பார்கள். எல்லாம் ஸ்ரூடியோவுக்குள் எடுத்தது. பனிக்கு உப்பும் வெள்ளை மிருக ரோமமும், ஐஸுக்குப் பளபளப்பான தகடும். வாங்கினவர்கள் அதைப் பிரித்தானியாவில் இருக்கும் சொந்தக்காரருக்கு அனுப்பினார்கள். நாங்களும் இதைத்தானே செய்தோம்? வந்த முதல் குளிர்காலத்தில் இரவல் ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு, யாரோ ஒருவருடைய காரில் சாய்ந்து, பனிக்குள் சிரித்துக்கொண்டு நின்று படமெடுத்து ஊருக்கு அனுப்பாதவர் எங்களில் யார்? அம்மா அந்தப் படத்தை அயலட்டைக்கெல்லாம் காட்டியிருக்கிறார். கார் என்னுடையது இல்லை என்று நான் இன்றுவரை சொல்லவில்லை.

ஆகவே, பழைய படம் என்றதும் அதுதான் உண்மை என்று நம்பிவிடக்கூடாது. ஒவ்வொரு படமும் யாரோ ஒருவருக்கு எதையோ நிரூபிக்க எடுத்தது. பார்ட்லெற் லண்டனில் புத்தகம் விற்க வரைந்தார். பாலத்தின் படம் ரயில் கம்பனிக்காக. றொசின் ஹவுஸ் படங்கள் தலைநகர் ஆசைக்காக. அதே நிறுவனத்தின் ஹைம் 1858ல் அரசாங்கம் அனுப்பிய குழுவோடு சிவப்பாற்றுப் பக்கம் போய் வெறும் புல்வெளியைப் படமெடுத்தார். அந்தப் படத்தில் ஒரு மனித மண்டையோடும் எலும்பும் கிடக்கின்றன. ஆளில்லாத நிலம், இறந்துபோன சனம் என்றுதான் பார்ப்பவருக்குத் தோன்றும். ஆனால் அந்தப் பயணத்திலேயே உயிரோடு இருந்த ஆதிக்குடி மக்களையும் மெத்தி மக்களையும் அவர் படமெடுத்திருக்கிறார். யாருமில்லாத காணி என்று சொன்னால் குடியேற்றுவது சுகம். இலங்கையில் எங்கள் காணிகளைப் பற்றி என்ன சொன்னார்கள் என்பது நினைவிருக்கிறவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. ரொறன்ரோ நிற்கிற நிலத்தை 1787லும் 1805லும் வாங்கியதாகச் சொன்ன விவகாரத்தில், மிசிசாகா மக்களுக்கு 145 மில்லியன் டொலர் கொடுத்துத் தீர்த்தது 2010ல்தான்.

படத்தில் அகப்படாதவர்களும் இருக்கிறார்கள். அந்தக் காலத்துத் தட்டுக்கு வேகம் குறைவு. நடந்துபோகிறவர்கள் அதில் பதிய மாட்டார்கள், அல்லது புகைபோல இழுபடுவார்கள். அசையாமல் நிற்கும் கட்டிடம்தான் துலக்கமாக விழும். தலைநகர் விண்ணப்பத்துக்கான அந்தப் படங்களில் வீதிகள் வெறிச்சோடிக் கிடப்பதுபோல் தெரிவது அதனால்தான். சனம் இல்லாமலில்லை.

அந்த நேரம் இந்த நகரத்தில் இருந்த ஒருவர் தோர்ன்ரன் பிளாக்பேர்ன். கென்ரக்கி மாநிலத்தில் அடிமையாக இருந்து, 1831ல் மனைவி லூசியோடு தப்பி டிற்றோயிற் வந்தவர். 1833ல் அங்கே இருவரும் பிடிபட்டார்கள். லூசி தன்னைப் பார்க்க வந்த பெண்ணோடு உடுப்பு மாற்றிக்கொண்டு தப்பினார். தோர்ன்ரனைக் கறுப்பினச் சனங்கள் கூட்டமாகத் திரண்டு மீட்டார்கள். ஆற்றைக் கடந்து கனடாவுக்குள் வந்ததும் அமெரிக்கா திருப்பிக் கேட்டது. இங்கத்தைய அரசாங்கம் கொடுக்க மறுத்தது. இன்றைக்கு அகதிகளை நாடு கடத்துவது பற்றிக் கதைக்கிறபோதெல்லாம் எனக்கு அந்த மறுப்புத்தான் ஞாபகம் வரும். ரொறன்ரோவுக்கு வந்து தோர்ன்ரன் செய்த வேலை என்ன தெரியுமா? ஒஸ்குட் ஹோலில் சட்டக்காரருக்குச் சாப்பாடு பரிமாறும் வேலை. பிறகு 1837 அளவில் ஒரு குதிரை வண்டி செய்வித்து நகரத்தின் முதல் டாக்சியை ஓட்டினார். முதலில் உணவகம், பிறகு டாக்சி. எங்கட ஆட்களின் வரலாறு மாதிரியே இல்லையா?

அவர் 1890ல் இறந்தார், லூசி 1895ல். இருவருக்கும் எழுத வாசிக்கத் தெரியாது. நகரம் அவர்களை மறந்துவிட்டது. 1985ல் சாக்வில் வீதியில் ஒரு பள்ளிக்கூட வளவைத் தோண்டியபோதுதான் அவர்களுடைய வீடு இருந்த இடம் வெளியே வந்தது. 1999ல் கனடிய அரசு அவர்களைத் தேசிய வரலாற்று முக்கியத்துவம் பெற்றவர்களாக அறிவித்தது. இருபது வருடமாகத் தேடுகிறேன், அவர்கள் முகம் தெரிகிற ஒரு படம் எனக்குக் கிடைக்கவில்லை. றொசின் ஹவுஸ் கூரையில் கமரா சுற்றியபோது அவர்கள் இதே நகரத்தில்தான் இருந்தார்கள்.

சேர்த்தவர்களையும் மறக்கக்கூடாது. "ஈவினிங் ரெலிகிராம்" பத்திரிகையைத் தொடங்கிய ஜோன் றொஸ் றொபேட்சன் ஆயிரக்கணக்கில் கனடாப் படங்களைச் சேர்த்து ரொறன்ரோ பொதுநூலகத்துக்குக் கொடுத்தார். 1912ல் அது மக்களுக்குத் திறக்கப்பட்டது. அதில் ஒரு சிக்கல் உண்டு. படம் கிடைக்காத இடங்களுக்கு ஓவன் ஸ்ரேப்பிள்ஸ் போன்ற ஓவியர்களைக் கொண்டு புதிதாக வரைவித்தார். அதனால் அதில் 1830ம் ஆண்டுக் காட்சி என்றிருப்பது 1910ல் வரைந்ததாக இருக்கலாம். பார்த்துத்தான் எடுக்கவேண்டும். இன்று அந்தச் சேகரிப்பு யங் வீதி றெஃபறன்ஸ் நூலகத்தில் இருக்கிறது. என்னைப் போன்ற ஒருவன் எண்ணெய் மணக்கிற ஜக்கெற்றோடு போய்க் கேட்டாலும் எடுத்துத் தருவார்கள். முதல் தடவை அப்படித் தந்தபோது நான் யாழ்ப்பாண நூலகத்தை நினைத்தேன். 1981ல் அது எரிந்தபோது நான் கைக்குழந்தை. தொண்ணூற்றேழாயிரம் நூல்களும் சுவடிகளும். வேறெங்காவது பிரதி இருந்தவை மட்டும்தான் மிஞ்சின.

இருபது வருடத்தில் நான் கற்றது இவ்வளவுதான். அருமையானது என்பதற்காக ஒரு படம் தப்புவதில்லை. வேறோர் இடத்தில் ஒரு பிரதி இருந்தால் தப்பும். தப்பினாலும் பெயர் எழுதியிருந்தால்தான் பிரயோசனம். நொட்மனின் ஸ்ரூடியோவில் எடுத்த படங்களை இலக்கமிட்டு, ஆளின் பெயரெழுதிப் புத்தகத்தில் ஒட்டிவைத்தார்கள். மொன்றியல் மக்கோர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கும் நான்கு லட்சத்துக்கு மேற்பட்ட படங்களில் ஏராளமானவற்றுக்கு இன்றும் பெயர் சொல்ல முடிவது அதனால்தான்.

எங்கள் வீடுகளிலும் ஆல்பங்கள் இருக்கின்றன. எண்பதுகளில் மொன்றியலில் ஒரே அறையில் எட்டுப் பேர் படுத்திருந்த படம், முதல் தமிழ்க் கடை வாசலில் நின்ற படம், குசினியில் வெள்ளை உடுப்போடு நின்று எடுத்த படம். எடுத்தவர்களுக்கு இப்போது அறுபது, எழுபது வயது. அவர்கள் போனபிறகு அதில் நிற்பது யாரென்று சொல்ல ஆளிருக்காது. பிள்ளைகளுக்கு அவை குப்பை. ஆகவே இந்த வார இறுதியில் ஆல்பத்தை எடுங்கள். படத்தின் பின்பக்கம் பென்சிலால், அழுத்தாமல், பெயர், இடம், ஆண்டு எழுதுங்கள். போல்பொயின்ற் பேனை வேண்டாம், மை முன்பக்கம் ஊறும். ஸ்கான் செய்து இரண்டு பேருக்காவது அனுப்பி வையுங்கள், ஒருவராவது வேறு நாட்டில் இருக்கட்டும். ஈழத்து எழுத்துகளையும் ஆவணங்களையும் 2005 முதல் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்திடம் கேட்டுப்பாருங்கள்.

போன மாதம் நான் வேலை செய்கிற இடத்தில் குசினிக்காரர் ஏழு பேரையும் நிற்பாட்டி ஒரு படம் எடுத்தேன். இரண்டு தமிழர், ஒரு பிலிப்பினோ, ஒரு மெக்சிக்கோக்காரர், மூன்று வங்காளிகள். "முகப்புத்தகத்துக்கோ?" என்று கேட்டார்கள். இல்லையென்றேன். கடையில் கொடுத்து அச்சடித்து, பின்பக்கத்தில் ஏழு பெயரையும் அவரவர் கையாலேயே எழுதுவித்தேன். கோப்பை கழுவுகிற புதுப் பெடியன் தன் பெயரைத் தமிழில் எழுதலாமோ என்று கேட்டான். எழுது என்றேன். ஆளுக்கொரு பிரதி கொடுத்தாயிற்று. எட்டாவது பிரதி மீன் சந்தைப் படத்தோடு என் பெட்டிக்குள் இருக்கிறது.